ஓரம் வெட்டிய கிளெமென்டே: தரமிடாத பழைய பேஸ்பால் அட்டை வாங்க நினைப்பவர்களுக்கு

தரமிடும் நிறுவனம் எதுவும் பார்த்துச் சான்றளிக்காத ஒரு பழைய பேஸ்பால் அட்டையை (ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட, சேகரிப்பவர்கள் தேடி வாங்கும் அட்டை) 3,200 டாலர் கொடுத்து வாங்கி, அதன் ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பல மாதங்கள் கழித்துத் தெரிந்துகொண்டு, இறுதியில் 1,400 டாலருக்கு விற்றவன் நான். தரமிடும் கட்டணம், தபால் காப்பீடு, அதே விற்பனையாளரிடம் வாங்கிய வேறு இரண்டு அட்டைகளில் போனது எல்லாவற்றையும் கூட்டினால் இழப்பு 2,500 டாலர் ஆகிறது. இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்ட தமிழர் எவரையும் எனக்குத் தெரியாது. கிரிக்கெட் என்றால் விடிய விடியப் பேசும் என் நண்பர்களுக்கு, பேஸ்பால் என்றதும் கொட்டாவி வந்துவிடும். அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாமல் பணம் கொடுத்துக் கற்றவற்றை, அடுத்து வாங்கப் போகிறவருக்காக இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க். இந்த ஊரில் சில வருடங்கள் இருந்தால் பேஸ்பால் வீரர் ராபர்ட்டோ கிளெமென்டேயைத் தெரியாமல் இருக்க முடியாது. ஆற்றின் மேல் அவர் பெயரில் பாலம் இருக்கிறது. பைரேட்ஸ் அணியின் மைதானத்தில் வலப்பக்க மதிலின் உயரம் 21 அடி, ஏனென்றால் அவர் சட்டை எண் 21. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து, 1955 முதல் 1972 வரை இதே அணிக்கு மட்டுமே ஆடி, சரியாக 3,000 ஹிட்களுடன் (பந்தை அடித்து ஓடித் தளத்தை எட்டுவது ஒரு ஹிட்) நின்றுபோனவர். 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழுந்து இறந்தார். என் மகன் பள்ளியில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியபோதுதான் நானும் படிக்கத் தொடங்கினேன். அந்த ஆர்வம் 1955-ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட 164-ஆம் எண் அட்டையில் கொண்டுபோய் நிறுத்தியது. அது அவருடைய முதல் அட்டை. சேகரிப்பவர்கள் 'ரூக்கி' என்பார்கள்.

அந்த அட்டையைத் தரமிடப்பட்ட நிலையில், அதாவது 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண்ணோடு முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வாங்கினால், நடுத்தர மதிப்பெண்ணுக்கே விலை என் கைக்கு எட்டவில்லை. பெட்டியில்லாமல் விற்கப்படும் அட்டையை 'ரா' என்கிறார்கள். பார்வைக்கு 5 மதிப்பெண் தகுதியுள்ளது போலத் தோன்றும் ரா அட்டை, 5 மதிப்பெண் பெற்ற அட்டையைவிட நன்றாகவே மலிவாகக் கிடைக்கும். அந்த விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை நான் அப்போது ஒரே விதமாகத்தான் புரிந்துகொண்டேன்: தரமிடும் செலவையும் காத்திருப்பையும் விற்பவர் தவிர்க்கிறார், அதன் பலன் நமக்கு. இன்னொரு விடையும் உண்டு. விலையுயர்ந்த பழைய அட்டைகள் இப்போது பெரும்பாலும் ஒரு முறையாவது தரமிட அனுப்பப்பட்டுவிடுகின்றன. தேறியவை பெட்டிக்குள் போகின்றன, தேறாதவை திரும்பி வந்து மறுபடி ரா அட்டைகளாகச் சந்தையில் சுற்றுகின்றன. ஆயிரக்கணக்கான டாலர் பெறும் அட்டை ஏன் இன்னும் பெட்டிக்கு வெளியே இருக்கிறது என்று கேட்பதில் அவமரியாதை ஏதும் இல்லை. அதற்கு விற்பவர் சொல்லும் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கியது ஊருக்கு வெளியே ஒரு விடுதி அரங்கில் நடந்த அட்டைச் சந்தையில். விற்றவர் வயதானவர், பேச்சில் கனிவு. தன் மாமாவின் வீட்டுப் பரணிலிருந்து வந்த அட்டைகள் என்றார். கிளெமென்டே அட்டை நான்கு மூலையிலும் திருகு வைத்த கனமான அக்ரிலிக் சட்டத்துக்குள் இருந்தது; அதைக் கழற்றினால் மூலை நசுங்கும் என்று சொல்லி, சட்டத்தோடே பார்க்கச் சொன்னார். மூலைகள் கூராக இருந்தன, படம் நடுவில் நின்றது, நிறம் பளிச்சென்று இருந்தது. அதே மேசையில் இன்னொரு புகழ்பெற்ற பேஸ்பால் வீரரான நோலன் ரையனின் 1968-ஆம் ஆண்டு ரூக்கியை 850 டாலருக்கும், கருப்பு ஓரம் கொண்ட 1971-ஆம் ஆண்டுக் கிளெமென்டேயை 160 டாலருக்கும் சேர்த்து எடுத்தேன். பணத்தை ஸெல் மூலம், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் சேவை மூலம், அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். வீட்டுக்கு வந்து காட்டியபோது மனைவி அட்டையைப் பார்க்கவில்லை, "இத்தனை பணத்துக்கு ஒரு ரசீது கூடவா இல்ல?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வி பிற்பாடு பலமுறை என் காதில் ஒலித்தது.

கிளெமென்டேயைத் தரமிட அனுப்பிவிட்டுக் காத்திருந்த மாதங்களில் நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை. 5 வந்தால் போதும், 6 வந்தால் கொண்டாட்டம் என்று கணக்குப் போட்டேன். முடிவு இணையப் பக்கத்தில் வந்தபோது மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில், ஓரம் வெட்டப்பட்டதற்கான தடயம் இருப்பதாக ஒரு வரி மட்டும் இருந்தது. முதலில் அவர்கள் என் அட்டையை வேறொருவருடையதோடு மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு கோபம், பிறகு யாரிடமும் சொல்ல முடியாத ஒரு வெட்கம். இரவு படுக்கப் போகுமுன் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து பார்ப்பேன், ஏதோ அந்த வரி மாறியிருக்கும் என்பது போல.

பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் இப்படி மதிப்பெண் மறுப்பதற்குத் தனித்தனிக் குறியீடுகள் வைத்திருக்கின்றன. பிஎஸ்ஏ முறையில் என்1 என்றால் ஓரம் வெட்டியது, என்2 என்றால் சீரமைத்தது, என்3 என்றால் நிறம் பூசியது, என்4 என்றால் உண்மைத்தன்மையே ஐயத்துக்குரியது, என்5 என்றால் அட்டைத் தாளின் தன்மையையே மாற்றியது, என்6 என்றால் குறைந்தபட்ச அளவை எட்டவில்லை, என்7 என்றால் சுத்தம் செய்ததற்கான தடயம். இந்தப் பட்டியலை வாங்குவதற்கு முன் படித்திருந்தால் எதையெல்லாம் தேட வேண்டும் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்கும். ஏமாற்று வேலைகளின் பட்டியலே அதுதான். என்6 குறியீட்டை மட்டும் தனியாகப் பிரித்துப் பாருங்கள். அதற்கு வெட்டியதாகப் பொருள் இல்லை. தொழிற்சாலையிலேயே சற்றுச் சிறிதாக வெட்டப்பட்ட அட்டைகளும் அதில் அடங்கும்.

விற்றவரைத் தொலைபேசியில் பிடித்தபோது, தான் வாங்கியபடியே விற்றதாகவும், தரமிடுபவர்கள் தவறு செய்வார்கள் என்றும், வேறு நிறுவனத்துக்கு அனுப்பிப் பார்க்கும்படியும் சொன்னார். அதன் பிறகு அழைப்பை எடுக்கவில்லை. அவரே வெட்டினாரா, வெட்டியதை அறிந்து விற்றாரா, அவரும் ஏமாந்தவரா என்பதை என்னால் நிறுவ முடியாது. ஸெல் வழியாக நாமே மனமறிந்து அனுப்பிய பணத்துக்குப் பொருள் சரியில்லை என்ற காரணத்தால் பாதுகாப்பு கிடையாது என்பதை வங்கி எனக்கு மரியாதையாக விளக்கியது.

அட்டை வீடு திரும்பியதும் ஒரு வேலை செய்தேன். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்வேன். அதே 1955 டாப்ஸ் தொகுப்பிலிருந்து, பெயர் பெறாத ஆட்டக்காரர்களின் தேய்ந்த அட்டைகளைச் சில டாலர்கள் வீதம் கொடுத்து ஒரு கைப்பிடி வாங்கினேன். இவற்றை யாரும் வெட்ட மாட்டார்கள், வெட்டினால் லாபம் இல்லை. ஆகவே தொழிற்சாலை ஓரம் எப்படி இருக்கும் என்பதற்கு இவைதான் நம்பகமான சாட்சி. 10 மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ் ஒன்றை 15 டாலருக்கு வாங்கி, இந்த அட்டைகளின் ஓரங்களை, அதாவது முகப்பை அல்ல, தாளின் தடிமன் தெரியும் பக்கவாட்டை, விளக்கடியில் வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் ஒரே மங்கலான பழுப்பு. நார்கள் சற்றே பிசிறாக, ஆண்டுக்கணக்கில் கை பட்ட அழுக்கை வாங்கி அமுங்கியிருந்தன. பிறகு என் கிளெமென்டேயைப் பார்த்தேன். மூன்று பக்கங்கள் அதே பழுப்பில் இருந்தன. வலது ஓரம் மட்டும் வெளிறி, வழுவழுவென்று, பிசிறே இல்லாமல் இருந்தது. நரைத்த தலையோடு மீசைக்கு மட்டும் மை பூசிக்கொண்டவரைப் பார்ப்பது போல, ஒருமுறை கண்ணில் பட்டபின் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆகவே நான் கற்றவற்றில் முதலிடம் இதற்குத்தான்: ஓர் அட்டையின் நான்கு ஓரங்களும் ஒரே வயதுடையவையாக இருக்க வேண்டும், அந்த வயது முகப்பின் வயதோடும் பின்புறத்தின் வயதோடும் ஒத்துப்போக வேண்டும். பின்புறம் மஞ்சளித்து, முகப்பில் கீறல் விழுந்து, மூலைகள் மட்டும் ஊசி போல நிற்கும் அட்டை தன்னையே காட்டிக்கொடுக்கிறது. சிறுவர்களின் சட்டைப் பையிலும், சத்தம் வரவேண்டும் என்று அவர்கள் செருகிய சைக்கிள் சக்கரத்திலும் கிடந்த ஒரு காலத்துப் பொருளில் மூலைதான் முதலில் தேயும். அது தேயாமல் மற்றதெல்லாம் தேய்ந்திருந்தால் அந்த மூலை பிற்காலத்தில் உண்டானது. லென்ஸில் இன்னும் சில தடயங்கள் தெரியும். கத்தி சாய்ந்து இறங்கியிருந்தால் ஓரம் முகப்புப் பக்கமோ பின்புறமோ சரிந்திருக்கும். கையால் வெட்டியிருந்தால் நேர்கோட்டு அளவுகோலை ஒட்டிவைக்கும்போது நடுவில் மெல்லிய இடைவெளி தென்படும். வெட்டு முடியும் மூலையில் சிறு கொக்கி போலத் தாள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தொழிற்சாலையின் கத்தியும் மொட்டையாகிச் சாய்வாக வெட்டியதுண்டு என்பதால், ஒரே தடயத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது; இரண்டு மூன்று தடயங்கள் ஒரே ஓரத்தில் கூடினால் விலகிவிட வேண்டும். புதிதாக வெட்டிய ஓரத்தைத் தேய்த்தும் கறைப்படுத்தியும் பழையதாக்கும் தேர்ந்த கைகளும் இருக்கின்றன. அவர்களுக்குக் 'கார்டு டாக்டர்' என்று பெயர். அத்தகைய வேலையை என்னால் கண்டுபிடித்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

தொழிற்சாலை ஓரமும் எல்லா வெளியீட்டிலும் ஒன்றாக இருக்காது. கனடாவின் ஓ-பீ-சீ நிறுவனம் வெளியிட்ட 1979-80 ஹாக்கி அட்டைகளில் ஓரம் கரடுமுரடாகப் பிய்ந்தது போல இருப்பதே இயல்பு. வேய்ன் கிரெட்ஸ்கியின் ரூக்கி அட்டை அந்தத் தொகுப்பில்தான் வருகிறது. அதன் ஓரம் நான்கு பக்கமும் சவரம் செய்தது போல இருந்தால் சந்தேகப்பட வேண்டும். எந்தத் தொகுப்பு அட்டையை வாங்குகிறோமோ அதே தொகுப்பின் மலிவான அட்டைகளைத்தான் ஒப்பிட்டுப் பழக வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அளவெடுப்பது எளிது, ஆனால் அதை மட்டும் நம்புவது ஆபத்து. டாப்ஸ் அட்டைகள் 1952 முதல் 1956 வரை 2 5/8 அங்குலத்துக்கு 3 3/4 அங்குலம், அதாவது சுமார் 66.7 மில்லிமீட்டருக்கு 95.3 மில்லிமீட்டர். 1957-இலிருந்துதான் இன்றைய 2 1/2 அங்குலத்துக்கு 3 1/2 அங்குலம் வந்தது. 1933-ஆம் ஆண்டு கௌடி அட்டைகள் 2 3/8 அங்குலத்துக்கு 2 7/8 அங்குலம். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளோடு வந்த டி206 அட்டைகள் இன்னும் சிறியவை, 1 7/16 அங்குலத்துக்கு 2 5/8 அங்குலம். என் கிளெமென்டே மேல் ஓரத்தில் சரியான நீளம் இருந்தது, கீழ் ஓரத்தில் அரை மில்லிமீட்டருக்கும் மேல் குறைந்தது. சந்தை மேசையில், அதுவும் அக்ரிலிக் சட்டத்துக்குள், இது கண்ணுக்குத் தெரியாது. அதே தொகுப்பின் அட்டைகளுக்கு நடுவே அதைச் செருகி, அடுக்கை ஒரு பக்கமாகத் தட்டிச் சீராக்கி, மேலிருந்து பார்த்தால் உள்ளே இறங்கி நிற்பது தெரிந்துவிடும். அளவுகோலைவிட இந்த அடுக்குச் சோதனை விரைவானது, அட்டைக்கும் சேதம் வராது. உலோகக் காலிப்பரை (கவ்விப் பிடித்து அளவெடுக்கும் கருவி) ஓரத்தில் இறுக்கிவிடாதீர்கள், நீங்களே ஒரு பள்ளத்தை உண்டாக்கிவிடுவீர்கள். அளவு சரியாக இருப்பதாலேயே அட்டை வெட்டப்படாதது என்றும் ஆகிவிடாது. தொழிற்சாலையில் சற்றுப் பெரிதாக வெட்டப்பட்ட அட்டைகள் பல உண்டு. அவற்றில் தேய்ந்த ஓரத்தைச் சீவிவிட்டாலும் சரியான அளவிலேயே நிற்கும்.

படம் நடுவில் இல்லாத அட்டைக்கு மதிப்பெண் குறையும். எனவே அகலமான வெள்ளை ஓரத்தைச் சீவி, படத்தை நடுவுக்குக் கொண்டுவருவது வெட்டுபவர்களின் வழக்கம். என் அட்டையில் படம் நடுவில் நின்றதை நான் ரசித்தேனே, அது அப்படி வந்ததாகவே இருக்க வேண்டும். அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: அட்டையில் எது மிக அழகாக இருக்கிறதோ அந்த இடத்தில்தான் லென்ஸை முதலில் வைப்பேன்.

அடுத்து அந்த 160 டாலர் அட்டை. 1971-ஆம் ஆண்டு டாப்ஸ் தொகுப்பின் ஓரம் முழுக்கக் கருப்பு. லேசாக உரசினாலே கருப்பு உதிர்ந்து வெள்ளைத் தாள் எட்டிப்பார்க்கும். அதனால் நல்ல நிலையில் கிடைப்பது அரிது, அதனாலேயே கருப்புப் பேனா பூசுவதும் மிகுதி. கிளெமென்டே வெட்டப்பட்டது என்று தெரிந்த பிறகு இதையும் லென்ஸில் பார்த்தேன். அச்சில் வந்த கருப்பு மை தாளின் மேற்பரப்பில் மட்டும் படிந்திருக்கும். தாளின் பக்கவாட்டு வெட்டு, அச்சுக்குப் பின் உண்டானதால், சாயமில்லாமல் தாள் நிறத்தில் இருக்கும். என் அட்டையில் இரண்டு மூலைகளின் பக்கவாட்டிலும் கருப்பு ஊறி இறங்கியிருந்தது. அச்சு மையால் அங்கே போக முடியாது, பேனா மையால் முடியும். அட்டையைச் சாய்த்து ஒளியில் திருப்பியபோது அந்த இடங்கள் மட்டும் லேசான ஊதா சாயலோடு மினுங்கின. 20 டாலருக்குப் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி இருட்டறையில் பிடித்தேன். தொழிற்சாலைக் கருப்பு ஒரு விதமாகவும் பேனாக் கருப்பு வேறு விதமாகவும் தெரிந்தன. வண்ணப் படம் இருக்கும் இடத்தில் நிறம் பூசியிருந்தால் கண்டுபிடிப்பது இன்னும் எளிது: அச்சு நிறம் லென்ஸில் சிறு சிறு புள்ளிகளாகப் பிரிந்து தெரியும், பூசிய நிறம் புள்ளிகளை மூடிக்கொண்டு பட்டையாகக் கிடக்கும்.

புற ஊதா விளக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வு வேதிப்பொருள்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் தாள் தயாரிப்பில் பரவலாயின. எனவே 1909 அல்லது 1933-ஐச் சேர்ந்தது என்று சொல்லப்படும் அட்டை அந்த விளக்கில் நீலவெண்மையாகப் பளபளத்தால் அது பிற்காலத்து மறுஅச்சு. ஒரு மூலை மட்டும் பளபளத்தால் அங்கே வேறு தாள்நார் வைத்து மூலையைக் கட்டியிருக்கிறார்கள். பளபளக்காத அட்டை அசல்தான் என்று இதைத் தலைகீழாகப் படித்துவிடக் கூடாது, பழைய தாளிலும் போலி அச்சிட முடியும்.

நோலன் ரையன் விஷயம்தான் என்னை அதிகம் எரிச்சலூட்டியது, ஏனென்றால் அது தானாகவே வெளிவந்தது. 177-ஆம் எண்ணுள்ள அந்த அட்டையில் ரையனும் ஜெரி கூஸ்மனும் சேர்ந்து இருப்பார்கள். வாங்கியபோது மடிப்பு எதுவும் இல்லை. ஈரப்பதம் மிகுந்த கோடை ஒன்று கழிந்தபின் எடுத்துப் பார்த்தால், ரையன் முகத்துக்குக் கீழே குறுக்கே ஒரு கோடு எழும்பியிருந்தது. மடிப்புள்ள அட்டைக்கு ஈரமூட்டி, எடைவைத்து அழுத்தி, தட்டையாக்கி விற்பது ஒரு பழைய வித்தை. முறிந்த தாள்நார் ஒட்டிக்கொள்வதில்லை, நாளடைவில் மீண்டும் எழும்புகிறது. அழுத்தப்பட்ட அட்டையைக் காண்பதற்கு இருட்டு அறையும் கைப்பேசி டார்ச்சும் போதும்: ஒளியை மேலிருந்து பாய்ச்சாமல், அட்டையின் தளத்தோடு ஏறக்குறையப் படுக்கையாக, நான்கு திசையிலிருந்தும் இருபுறமும் பாய்ச்சிப் பாருங்கள். தட்டையாகத் தோன்றும் மடிப்பு மெல்லிய நிழலாக விழும். பளபளப்பு ஓரிடத்தில் மட்டும் மங்கியிருந்தாலும் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. அந்தத் திருகுச் சட்டமும் இதில் சேர்த்தி. அதற்குள் இறுக்கி ஆண்டுக்கணக்கில் வைத்த அட்டை நசுங்கித் தட்டையாகி, யாரும் கெட்ட எண்ணத்தோடு தொடாமலேயே மாற்றப்பட்டதாகக் கணிக்கப்படலாம். சட்டத்தைக் கழற்ற மறுப்பவரிடம் அட்டையையே வாங்க மறுத்துவிடலாம்.

சுத்தம் செய்வது பற்றி மட்டும் சேகரிப்பவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அட்டைகள் அடைத்து விற்கப்பட்ட சூயிங்கம் பாக்கெட்டின் மெழுகுக் கறையைப் பெண்கள் அணியும் நைலான் காலுறையால் தேய்த்து எடுப்பதையும், பழைய ஒட்டுப் புத்தகத்திலிருந்து அட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிப்பதையும் பலர் குற்றமாகக் கருதுவதில்லை. வெளுப்பான் பயன்படுத்துவதை யாரும் ஏற்பதில்லை. எனக்கு இதில் தீர்மானமான நிலைப்பாடு இல்லை, ஆனால் செய்ததை வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். வெளுத்த அட்டையின் வெண்மை, அந்த வயதுக்குப் பொருந்தாமல் செத்துப்போன வெண்மையாக இருக்கும். சில சமயம் உறையைத் திறந்ததும் வாசனையே காட்டிக்கொடுக்கும்.

இணையத்தில் வாங்குபவருக்கு அட்டை கையில் இருக்காது. எனவே படங்களையும் சொற்களையும் படிக்க வேண்டும். கறுப்புப் பின்னணியில், உறையில்லாமல், நான்கு ஓரங்களும் முழுமையாகத் தெரியும்படி ஸ்கேன் கேளுங்கள். அதே தொகுப்பின் மலிவான அட்டை ஒன்றின் மேல் வைத்து எடுத்த படமும், பக்கவாட்டு ஓரங்களின் படமும் கேளுங்கள். நேர்மையான விற்பனையாளருக்கு இது சில நிமிட வேலை. "நான் நிபுணன் அல்ல, படத்தைப் பார்த்து நீங்களே முடிவெடுங்கள்", "பரணில் கிடைத்தது", "தரமிட்டால் 7 நிச்சயம்" என்ற வரிகள் ஒரே விளம்பரத்தில் சேர்ந்து வந்தால் நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறேன். 7 நிச்சயம் என்று தெரிந்தவர் தானே தரமிட்டு அந்த வித்தியாசத்தைப் பையில் போட்டுக்கொண்டிருப்பாரே! அதே விற்பனையாளர் விற்ற மற்ற அட்டைகளையும் பாருங்கள். எல்லாமே பெரிய பெயர்கள், எல்லாமே ரா, எல்லாவற்றுக்கும் கூரான மூலை என்றால் ஒரு பரணில் அப்படி அமைவது அபூர்வம்.

பெட்டிக்குள் இருந்தால் மட்டும் நிம்மதியா என்று கேட்டால், பெரும்பாலும் ஆம், முழுமையாக இல்லை. உலகிலேயே பெயர்பெற்ற அட்டையான டி206 ஹோனஸ் வாக்னரின் ஒரு பிரதியை 1991-இல் ஹாக்கி வீரர் கிரெட்ஸ்கியும் அவர் ஆடிய அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். பிஎஸ்ஏ தரமிட்ட முதல் அட்டை அதுதான். 8 மதிப்பெண் கொடுத்தார்கள். 2007-இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதை முன்பு விற்றவரும் ஏல நிறுவனம் நடத்தியவருமான பில் மாஸ்ட்ரோ, மோசடி வழக்கில் 2013-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்த வாக்னர் அட்டையின் ஓரத்தை வெட்டியதையும் ஒப்புக்கொண்டார்; 2015-இல் அவருக்கு 20 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இதைப் படித்த இரவில் எனக்கு ஒரு விசித்திரமான ஆறுதல் கிடைத்தது என்பது உண்மை. ஆனாலும் தேர்ந்த கண்கள் ஒருமுறை பார்த்த அட்டைக்கும், யாருமே பார்க்காத அட்டைக்கும் இடையே உள்ள தூரம் பெரியது. இப்போது 300 டாலருக்கு மேல் போகும் பழைய அட்டையைப் பெட்டியில் இருந்தால் மட்டுமே வாங்குகிறேன். சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபார்க்கிறேன், ஏனென்றால் பெட்டியையும் போலியாகச் செய்கிறார்கள்.

காலக்கணக்கு என்னைப் போலவே பலரை வீழ்த்தும் இடம். ஈபேயில் வாங்கினால் பொருள் விளக்கத்தோடு பொருந்தவில்லை என்று முறையிடப் பொதுவாக 30 நாள் அவகாசம் உண்டு. பேபாலில் 'பொருள்கள் மற்றும் சேவைகள்' என்ற வகையில் செலுத்தினால் 180 நாள். அதே பேபாலில் 'நண்பர்கள் மற்றும் குடும்பம்' என்று செலுத்தினால் எதுவும் இல்லை. கட்டணத்தை மிச்சப்படுத்தலாம் என்று சொல்லி அந்த வகையில் அனுப்பச் சொல்பவர் உங்கள் பாதுகாப்பைத்தான் மிச்சப்படுத்துகிறார். மலிவான தரமிடும் சேவைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தால், முடிவு வருவதற்குள் 30 நாள் போயே போய்விடும். எனவே அட்டை வந்த அன்றே லென்ஸ், அடுக்கு, டார்ச், புற ஊதா விளக்கு நான்கையும் பார்த்துவிட வேண்டும். தரமிட அனுப்புவதாக இருந்தால் கூடுதல் கட்டணம் கொடுத்து விரைவுச் சேவையில் அனுப்புவதே லாபம். சந்தையில் நேரில் வாங்கினால், மாற்றம் செய்யப்பட்டது என்று கணிக்கப்பட்டால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்ற ஒரு வரியை, அட்டையின் பெயர், எண், விலை, தேதியோடு விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். நான் இப்போது கேட்கிறேன். சிலர் தயங்காமல் எழுதித் தருகிறார்கள். சிலர் சிரித்து மழுப்புகிறார்கள், அவர்களிடம் நான் வாங்குவதில்லை.

கடைசியாக, வெட்டிய அட்டையை என்ன செய்வது என்பது. திரும்பி வந்த கிளெமென்டேயை ஒரு வியாபாரியிடம் காட்டினேன். வெட்டப்பட்டது என்பதை நானே சொன்னேன். அவர் அதே ரா நிலையில் 1,900 டாலருக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வெட்டிய அட்டைக்கு இவ்வளவா என்று கேட்டதற்கு, அடுத்து வாங்குபவரிடம் அதைச் சொல்லப் போவது யார் என்று தோளைக் குலுக்கினார். இரண்டு நாள் அந்த 1,900 என்ற எண் என் மனதில் சுற்றியது, மறுப்பதற்கில்லை. பிறகு அதே தரமிடும் நிறுவனத்துக்கு மறுபடி கட்டணம் கட்டி, மதிப்பெண் இல்லாமல் 'அசல், மாற்றம் செய்யப்பட்டது' என்ற சீட்டோடு பெட்டியிடச் சொன்னேன். இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. அசல் கிளெமென்டே ரூக்கியை மலிவாக வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் இத்தகைய அட்டைகளைத் தெரிந்தே வாங்குகிறார்கள். அப்படி ஒருவர்தான், ஓரத்தின் நெருக்கப் படங்களைப் பார்த்துவிட்டு, 1,400 டாலர் கொடுத்தார். ரையனையும் கருப்பு ஓர அட்டையையும் விற்கவில்லை. ஊரில் அட்டை சேகரிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளிடம் லென்ஸோடு சேர்த்து அவற்றைக் கொடுத்து, எங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன். கருப்பு ஓரத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ரையனின் மடிப்பு இப்போது லென்ஸ் இல்லாமலேயே தெரிகிறது.